சேமித்தால் தண்டனை! - அமெரிக்க ஊனமுற்றோரும் 2000 டாலர் வேலியும்

தொழிலாளி கூலி உயர்வு கேட்டால் முதலாளி என்ன சொல்கிறார்? "உனக்குச் சிக்கனம் தெரியவில்லை" என்கிறார். வயலில் வேலை செய்பவர் பத்து ரூபாய் கூடக் கேட்டால் நிலச்சொந்தக்காரர் என்ன சொல்கிறார்? "வந்ததையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு என்னிடம் வந்து நிற்கிறாயே" என்கிறார். ஏழையின் நோய் சேமிக்காததுதான், சேமித்தால் ஏழ்மை பறந்துவிடும் என்பது உலகத்து முதலாளிகள் அத்தனை பேருக்கும் மனப்பாடமான பாடம். இந்தப் பாடத்தை ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கும் பெரிய வாத்தியார் ஐக்கிய அமெரிக்கா. அந்த அமெரிக்காவிலேயே, சேமித்தால் சோறு போகும் என்று சட்டம் போட்டு, 70 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்களை அந்தச் சட்டத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். விஷயம் இதுதான்.

அமெரிக்காவில் ஊனமுற்றோருக்கு இரண்டு விதமான உதவித்தொகை உண்டு. பல வருஷம் வேலை செய்து, கூலியில் பிடித்தம் கொடுத்து, பிறகு உடல் முடங்கியவருக்கு இன்ஷூரன்ஸ் முறையில் ஒரு தொகை வருகிறது. அவர் பாங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் பிறவியிலேயே ஊனமுற்றவர், இளம் வயதிலேயே முடங்கியவர், பிடித்தம் கட்டும் அளவுக்கு வேலையே கிடைக்காதவர் - இவர்களுக்கு வேறு திட்டம். இதற்கு எஸ்.எஸ்.ஐ. என்று பெயர். 1972ல் நிக்ஸன் ஜனாதிபதியாக இருந்தபோது சட்டமாகி, 1974 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. ஏழை முதியவர், கண் தெரியாதவர், ஊனமுற்றவர் ஆகிய மூவருக்கும் பொதுவானது. 2025ல் தனி ஆளுக்கு இதன் உச்சத் தொகை மாதம் 967 டாலர்.

967 டாலரை ரூபாயாக மாற்றிப் பார்த்து மலைக்க வேண்டாம், தோழர்களே. வாங்குவது டாலரில் என்றால் கொடுப்பதும் டாலரில்தான். நியூயார்க்கிலோ சான்பிரான்சிஸ்கோவிலோ ஒரு சின்ன வீட்டின் வாடகைக்கே இது போதாது. சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏறி இறங்கச் சாய்தளம் பொருத்திய வண்டி வாங்க வேண்டுமானால் பல பத்தாயிரம் டாலர் வேண்டும். அப்படியானால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத்தானே ஆக வேண்டும்? அங்கேதான் வேலி நிற்கிறது.

எஸ்.எஸ்.ஐ. வாங்குகிற ஒருவரிடம் 2000 டாலருக்கு மேல் கையிருப்பு இருக்கக்கூடாது. புருஷன், மனைவி இருவரும் வாங்கினால் இருவருக்கும் சேர்த்து 3000. குடியிருக்கும் வீட்டையும் ஒரு வண்டியையும் கணக்கில் சேர்ப்பதில்லை. மற்றபடி ரொக்கம், பாங்கிக் கணக்கு எல்லாம் சேரும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பிறக்கிற அந்த முதல் நிமிஷத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. அந்த நிமிஷத்தில் 2200 டாலர் இருந்தால், மிகுதி 200ஐ மட்டும் கழித்துக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த மாதத்துத் தொகை முழுவதும் போய்விடும். இப்படித் தொடர்ந்து 12 மாதம் நின்றுபோனால் பெயரே அடிபட்டுவிடும். முதலிலிருந்து மனுப் போட்டு, ஊனத்தை மறுபடியும் நிரூபிக்க வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். சாவுச் செலவுக்கென்று 1500 டாலரைத் தனியாக எடுத்து வைத்தால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. செத்த பிறகு ஆகிற செலவுக்குச் சேமிக்கலாம். பிழைத்திருப்பதற்குச் சேமித்தால்தான் குற்றம்!

போவது 967 டாலர் மட்டும்தானே, போனால் போகட்டும், உழைத்துப் பிழைக்கலாமே என்று கேட்கலாம். பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இதோடு பிணைந்திருக்கிறது. அமெரிக்காவில் ஏழைகளுக்கான சர்க்கார் வைத்தியத் திட்டத்துக்கு மெடிக்கெய்ட் என்று பெயர். பெரும்பாலான மாகாணங்களில் எஸ்.எஸ்.ஐ. வாங்குபவருக்கு மெடிக்கெய்ட் தானாகவே வந்து சேர்கிறது. படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட, சோறு ஊட்ட வீட்டுக்கே ஆள் வருவது பலருக்கு இந்தத் திட்டத்தினால்தான். அது போனால் மருந்து போகும், ஆள் போவார். பிறகு வீட்டை விட்டு ஏதாவது விடுதியில் போய்க் கிடக்க வேண்டியதுதான். ஆகவே அங்கே ஒரு ஊனமுற்றவர் மாதக் கடைசியில் பாங்கிக் கணக்கைப் பார்த்து நடுங்குவது காசு குறைந்துவிட்டதே என்று அல்ல, கூடிவிட்டதே என்று! தேவையோ இல்லையோ, முதல் தேதிக்குள் எதையாவது வாங்கித் தீர்த்து வரம்புக்குள் வந்துவிட வேண்டும். ஏழைக்குச் சிக்கனம் போதிக்கிறவர்களின் தேசத்தில் ஏழைக்கு ஊதாரித்தனம் கட்டாயம்.

உழைத்தால் என்ன ஆகிறது என்பதையும் பார்ப்போம். ஒருவர் சிரமப்பட்டு மாதம் 500 டாலர் சம்பாதிக்கிறார், வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் 20, பிறகு 65, ஆக 85 டாலரைத் தள்ளுவார்கள். மீதி 415ல் பாதி, அதாவது 207 டாலர் 50 சென்ட், உதவித்தொகையில் குறையும். 967க்குப் பதில் 759 டாலர் 50 சென்ட்தான் வரும். இந்த 20ம் 65ம் எப்போது போட்ட எண்கள் தெரியுமா? 1972ல் போட்டவை. இன்றுவரை ஒரு சென்ட் ஏறவில்லை.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இந்தச் சூது சட்டென்று புரியும். விலைவாசிப் புள்ளி ஏறினால் பஞ்சப்படி ஏற வேண்டும் என்பதற்காக நாம் எத்தனை போராட்டம் நடத்தியிருக்கிறோம்! எஸ்.எஸ்.ஐ.யின் மாதத் தொகைக்கு அந்த மாதிரி ஏற்றம் உண்டு. விலைவாசிக்கேற்ப வருஷா வருஷம் திருத்துகிறார்கள். 1974ல் 140 டாலராக இருந்தது அப்படித்தான் 967 ஆயிற்று. ஆனால் சேமிப்பு வரம்புக்கு அந்த ஏற்றம் கிடையாது. 1974ல் 1500 என்று வைத்தார்கள். 1984ல் ஒரு சட்டம் போட்டுப் படிப்படியாக ஏற்றி 1989ல் 2000 ஆக்கினார்கள். அதோடு சரி. பெர்லின் சுவர் விழுந்த வருஷத்தில் நட்ட வேலி அது. சுவர் போயிற்று, வேலி அப்படியே நிற்கிறது. 1974ன் 1500 டாலரை விலைவாசிக்கேற்ப உயர்த்தியிருந்தால் இன்று ஏறத்தாழ 10,000 டாலர் ஆகியிருக்கும். எதையும் வெட்டினேன் என்று யாரும் சொல்லவில்லை. சட்டசபையில் ஓட்டெடுப்பும் இல்லை. சும்மா விட்டுவிட்டார்கள். விலைவாசியே கத்திரியாக வெட்டிக்கொண்டிருக்கிறது.

கல்யாணத்திலும் கத்திரி உண்டு. தனித்தனியாக இருந்தால் இருவருக்கும் 967 வீதம் 1934 டாலர். கல்யாணம் செய்துகொண்டால் 2025 கணக்குப்படி 1450தான். மாதம் 484 டாலர் நஷ்டம். சேமிப்பு வரம்பிலும் 1000 டாலர் போய்விடும். குடும்பத்தின் புனிதத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிற அரசியல்வாதிகள் நிறைந்த தேசம் அது.

இதைவிட நம்மை உறுத்தியது சோற்றுக் கணக்கு. உறவினரோ சிநேகிதரோ இலவசமாகச் சோறு போட்டால், அதையும் வருமானமாகக் கருதி உதவித்தொகையில் கழித்து வந்தார்கள். 2024 செப்டம்பர் கடைசியில்தான் சோற்றைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். ஐம்பது வருஷம் எடுத்திருக்கிறது, அக்காள் வீட்டுச் சோறு வருமானம் ஆகாது என்று கண்டுபிடிக்க! குடியிருக்க இடம் கொடுத்தால் அது இன்னும் கணக்கில்தான் இருக்கிறது.

இது அமெரிக்காவின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1834ல் இங்கிலாந்தில் ஏழைச் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு சூத்திரம் வகுத்தார்கள். உதவி பெறுபவனுடைய நிலைமை, வேலை செய்கிற ஆகக் கடைசித் தொழிலாளியின் நிலைமையைவிடக் கீழாகவே இருக்க வேண்டும் என்பதே அது. எதற்கு? உதவித்தொகையில் மனிதன் மனிதனாக வாழ முடிந்தால், ஆலை வாசலில் அரைக் கூலிக்கு யார் வந்து நிற்பார்கள்? 1931ல் அதே இங்கிலாந்தில் வேலையில்லாத் தொழிலாளருக்கு வசதிச் சோதனை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உத்தியோகஸ்தர் வீட்டுக்கே வந்து, மகன் கூலி எவ்வளவு, மகள் கூலி எவ்வளவு என்று கேட்டு, தகப்பன் தொகையில் கழித்தார்கள். லங்காஷயர் நெசவாளர் வீடுகளும் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் வீடுகளும் இதனால் சிதறின. அப்பனுக்குத் தொகை கிடைக்கட்டும் என்று பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 1932ல் லண்டனுக்குப் பட்டினி ஊர்வலமாக நடந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்த உத்தியோகஸ்தரின் வேலையை இன்று பாங்கிக் கணக்கைத் துருவும் யந்திரம் செய்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஊனமுற்றவரைப் பற்றிய முதலாளித்துவக் கணக்கு எவ்வளவு பழையது என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது 1938ல். அதே சட்டத்தின் 14ம் பிரிவில், சர்க்காரிடம் சான்று வாங்கிய முதலாளி ஊனமுற்ற தொழிலாளிக்கு அந்தக் குறைந்தபட்சக் கூலியிலும் குறைத்துக் கொடுக்கலாம் என்று எழுதி வைத்தார்கள். 2024 டிசம்பரில் இதைப் படிப்படியாக நிறுத்தத் தொழில் இலாகா யோசனை சொன்னது. 2025ல் ஆட்சி மாறியபின் அந்த யோசனையை வாபஸ் வாங்கிவிட்டார்கள். கூலியிலும் குறைவு, சேமிப்பிலும் குறைவு!

சரி, வேலியில் சந்து ஏதும் இல்லையா? ஒன்று உண்டு. வக்கீல் வைத்து விசேஷ டிரஸ்ட் எழுதி, பணத்தை அதில் வைப்பது பழைய வழி. வக்கீல் பீஸ் கொடுக்க முடிந்தவர்களுக்கு அது. மற்றவர்களுக்காக ஊனமுற்ற பிள்ளைகளின் பெற்றோர்கள் பல வருஷம் வாஷிங்டன் படியேறி ஒரு சட்டம் வாங்கினார்கள். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஸ்டீபன் பெக் என்பவர், ஊனமுற்ற ஒரு மகளின் தகப்பனார், இதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர். 2014 டிசம்பரில் மசோதா சட்டமாவதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் காலமானார். சட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதன்படி தொடங்கப்படும் கணக்குக்கு ஏபிள் கணக்கு என்று பெயர். 2016ல் ஒஹையோ மாகாணத்தில் முதலில் வந்தது.

இந்தக் கணக்கில் போடும் பணத்தில் ஒரு லட்சம் டாலர் வரை எஸ்.எஸ்.ஐ. வரம்பில் சேராது. அதைத் தாண்டினால் எஸ்.எஸ்.ஐ. தொகை நிற்கும், மெடிக்கெய்ட் நிற்காது. படிப்பு, வீடு, போக்குவரத்து, வைத்தியம், கருவிகள், அன்றாட ஜீவனம் ஆகிய செலவுகளுக்கு எடுத்தால் வரி கிடையாது. பிறர் போட்டால் அது கணக்குக்காரரின் வருமானமாகவும் ஆகாது. இதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. வண்டி வாங்கவும், பல்லைக் கட்டவும், வீட்டு முன்பணம் கொடுக்கவும் பலருக்கு இது கை கொடுத்திருக்கிறது. இப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாதவர்கள் அங்கே ஏராளம். தகுதி உள்ளவர்களில் மிகச் சிறு பகுதியினரே தொடங்கியிருக்கிறார்கள்.

ஆனால் சந்துக்குள்ளும் முள் உண்டு. தன் கூலியை நேரே இந்தக் கணக்கில் போட்டாலும், கூலி கூலிதான். மேலே சொன்ன பாதிக் கழிவு உண்டு. வாடகைக்கென்று பணத்தை எடுத்தால் அந்த மாதத்துக்குள்ளேயே கொடுத்துத் தீர்க்க வேண்டும். அடுத்த மாதம் பிறந்துவிட்டால் அது கையிருப்பாக எண்ணப்படும். கணக்குக்காரர் இறந்தால், பாக்கியுள்ள செலவுகளும் சாவுச் செலவும் போக மிஞ்சியதில், மெடிக்கெய்ட் திட்டம் தான் செலவிட்டதைத் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. சில மாகாணங்கள் அதைக் கேட்பதில்லை. எல்லா மாகாணங்களும் அப்படி அல்ல.

வருஷத்துக்கு எவ்வளவு போடலாம் என்ற கணக்குதான் இந்தச் சட்டத்தின் வர்க்க குணத்தைக் காட்டுகிறது. 2025ல் வருஷ உச்சவரம்பு 19,000 டாலர். எஸ்.எஸ்.ஐ. வாங்குபவரின் வருஷத் தொகை எவ்வளவு? 967ஐ 12ஆல் பெருக்கினால் 11,604. ஒரு வருஷம் முழுக்கச் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், வந்ததை அப்படியே போட்டாலும் வரம்பின் பக்கத்தில்கூடப் போக முடியாது! வசதியுள்ள தகப்பன், தாத்தா இருக்கிற குடும்பத்துக்கு இது வரியில்லாப் பெட்டகம். யாருமில்லாதவருக்கு? பெட்டகம் திறந்திருக்கிறது, போடத்தான் ஒன்றுமில்லை.

அடுத்தது வயது. 26 வயதுக்கு முன் ஊனமுற்றவருக்கு மட்டுமே இந்தக் கணக்கு என்று வைத்திருந்தார்கள். மசோதாவின் செலவைக் குறைப்பதற்காகச் செய்த வேலை அது. யோசித்துப் பாருங்கள். 30 வயதில் யந்திரத்தில் கை போனவர், 35ல் முதுகெலும்பு முறிந்தவர், 40ல் வாதம் அடித்தவர் - இவர்களுக்கு இடமில்லை. ஆலையிலும் சுரங்கத்திலும் கட்டட வேலையிலும் உடம்பு கெடுகிறவன் எந்த வயதில் கெடுகிறான்? 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் இந்த வரம்பை 46 ஆக உயர்த்தியது. ஆனால் 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் அமல். மூன்று வருஷம் காத்திருக்கச் சொன்னார்கள்.

2025 ஜூலையில் வந்த பெரிய வரிச் சட்டத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். வேலை செய்யும் ஊனமுற்றவர் ஏபிள் கணக்கில் உச்சவரம்புக்கு மேலும் ஓரளவு போடலாம் என்ற சலுகையை அது நிரந்தரமாக்கியது. அதே சட்டம் மெடிக்கெய்டுக்கான சர்க்கார் செலவில் பல ஆயிரம் கோடி டாலரை வெட்டியது. பெட்டகத்துக்குப் பூட்டு கொடுத்தார்கள். வைத்தியத்துக்குக் காசைப் பிடுங்கினார்கள்.

அமெரிக்க ஊனமுற்றோர் இதையெல்லாம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். 1935 மே மாதம், நெருக்கடிக் காலத்தில், நியூயார்க்கில் சில ஊனமுற்ற வாலிபர்களும் பெண்களும் நிவாரண அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். சர்க்கார் வேலைத் திட்டத்தில் தங்கள் மனுக்களின் மேல் 'உடல் ஊனம்' என்று முத்திரை குத்தி ஒதுக்குவதை எதிர்த்து அவர்கள் போராடினார்கள். நிவாரணம் அல்ல, வேலை கொடு என்று கேட்டு, நூற்றுக்கணக்கானோருக்கு வேலை வாங்கினார்கள். 1977 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் மத்திய சர்க்கார் கட்டடத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்டோர் புகுந்து மூன்று வாரத்துக்கும் மேலாக வெளியேற மறுத்தார்கள். சக்கர நாற்காலிக்காரர், கண் தெரியாதவர், காது கேளாதவர் எல்லோரும் தரையில் படுத்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்குத் தினமும் சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர்கள் கறுப்புச் சிறுத்தைகள் கட்சித் தோழர்கள். வாஷிங்டனுக்குப் போன குழுவுக்கு உதவி செய்தது யந்திரத் தொழிலாளர் சங்கம். சர்க்கார் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் ஊனமுற்றவரை ஒதுக்கக்கூடாது என்ற விதிகளில் மந்திரி கையெழுத்துப் போட்ட பிறகுதான் எழுந்தார்கள். 1990 மார்ச்சில் வாஷிங்டன் பார்லிமென்ட் கட்டடத்தின் படிகளில், நாற்காலிகளைக் கீழே விட்டுவிட்டுக் கைகளாலும் முழங்காலாலும் ஊர்ந்து ஏறினார்கள். அந்த வருஷம் ஜூலையில் உரிமைச் சட்டம் வந்தது.

உரிமைச் சட்டம் வந்தது. 2000 டாலர் வேலி போகவில்லை. படியில் சாய்தளம் போடு என்று கட்டடச் சொந்தக்காரனுக்குச் சொல்லும் சட்டம், ஊனமுற்றவன் கையில் நாலு காசு இருக்கட்டும் என்று சர்க்காருக்குச் சொல்லவில்லை. கையில் காசில்லாதவன் எந்தக் கூலிக்கும் தலையாட்டுவான், எந்த விடுதியிலும் அடைபடுவான் என்பது யாருக்குச் சௌகரியமோ அவர்களுக்குச் சௌகரியமாகத்தான் இருக்கிறது.

வரம்பைத் தனி ஆளுக்கு 10,000, தம்பதிக்கு 20,000 என்று உயர்த்தி, அதன்பின் விலைவாசியோடு சேர்த்து ஏற்ற வேண்டும் என்று 2022லும் 2023லும் செனட் சபையில் மசோதா கொண்டுவந்தார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து கொண்டுவந்ததுதான். பெரிய பாங்கி ஒன்றுகூட ஆதரவு தெரிவித்தது. பாங்கிக்குக் கணக்குகள் வேண்டும் அல்லவா? அப்படியும் ஓட்டெடுப்புக்குக்கூட வரவில்லை.

2026 ஜனவரியிலிருந்து மாதத் தொகையை 994 டாலர் ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு மாதத் தொகையைக் கூட்டினால் 1988. வரம்பு அதே 2000. இன்னும் 12 டாலர் சேர்க்கலாம்.